அதனால் என்ன?

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. பரணில் கிடப்பதை எல்லாம் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுத் தம்பி காட்டுக்குப் போய்விட்டான். நானும் அவன் மகளும்தான் இறக்கினோம். கம்பு அளந்த மரக்கால், திரி போன அரிக்கேன் விளக்கு, அப்பா வண்டி மாட்டுக்குக் கட்டிய சலங்கை, எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரோடு ஒட்டி என் கறுப்பு டிரங்குப் பெட்டி. பட்டாளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு அலைந்த பெட்டி. மூடியில் வெள்ளை பெயிண்டில் என் நம்பர், ரேங்க், பெயர். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் பழைய ரேங்கின் மேல் கறுப்பைத் தடவிப் புதியதை எழுதுவோம். பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் கர்னலுக்கு அடியில் மேஜரும், மேஜருக்கு அடியில் கேப்டனும் மேடு மேடாகத் தெரிவார்கள்.

திறந்ததும் நாப்தலின் உருண்டை வாசனை. அது அடங்கியதும் அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது, மெழுகும் ஸ்பிரிட்டும் கலந்த மாதிரி. மூக்குக்குத் தெரிந்துவிட்டது, கைதான் தேடியது. மூலையில், பழைய காலுறைக்குள், பாதி தேய்ந்த இரண்டு சைனாகிராஃப் பென்சில்கள். கண்ணாடி மேலும் பிளாஸ்டிக் மேலும் எழுதுகிற மெழுகுப் பென்சில். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

அவற்றோடு சுருட்டி வைத்த ஒரு டால்க். வரைபடத்தின் மேல் விரித்துக் குறி போடுகிற ஒளிபுகும் தாளை நாங்கள் டால்க் என்போம். வரைபடம் பட்டாளத்துச் சொத்து, எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். இது மட்டும் எப்படியோ பெட்டிக்குள் தங்கிவிட்டது. தம்பி மகள் அதைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நீலத்தில் நம் படை, சிவப்பில் எதிரி. வட்டங்கள், கட்டங்கள், நீண்டு வளைந்த அம்புகள். அடியில் ஆறும் இல்லை, மேடும் இல்லை, ஊரும் இல்லை.

"எந்த ஊரு பெரியப்பா இது?"

சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அடுத்ததை எடுத்துவிட்டாள். பழுப்பேறிய முழுநீளத் தாள்கள், ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசி. "அப்ரிசியேஷன்னு தலைப்புப் போட்டிருக்கு. யாரைப் பாராட்டி இம்புட்டு எழுதினீங்க?"

அவள் ராணுவ அதிகாரிகளுக்கான எஸ்.எஸ்.பி. தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, சென்னைப் பரங்கிமலைக்குப் போகும் உத்தரவுக்காகக் காத்திருக்கிறாள். அதனால் அன்று மத்தியானம் வரைக்கும் வேறு எந்தச் சாமானையும் நாங்கள் இறக்கவில்லை.

பரங்கிமலையில் முதல் முதலாக அந்தச் சொல்லைக் கேட்டபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே சந்தேகம்தான் வந்தது. அப்போது அது ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல். 1962 சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில் 1963-இல் தொடங்கியது. 1988-இல்தான் அகாடமி என்று பெயர் மாறியது. பெண்கள் அங்கே பயிற்சிக்கு வரத் தொடங்கியது 1992-இல். கார்வால் மலைப்பக்கத்துக் கேப்டன் ஒருவர் எங்களுக்கு டி.எஸ்.; பயிற்றுவிக்கும் அதிகாரியை அப்படித்தான் சொல்வோம். அவர் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, ஆங்கிலத்தில் அதற்கு மதிப்பிடுதல் என்றும் பொருள் உண்டு என்று விளக்கினார். எதிரே ஒரு சிக்கல் நிற்கிறது. குழம்பாமல், பதறாமல், அதைப் பிரித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நோக்கம், ஒரே வரியில். பிறகு காரணிகள்: நிலம், இரு தரப்பு வலிமை, காலம், தூரம், வானிலை, எதிரி என்னென்ன செய்யக்கூடும் என்பது. பிறகு நமக்கு முன்னால் இருக்கும் வழிகள், ஒவ்வொன்றிலும் உள்ள நல்லது கெட்டது. கடைசியில்தான் திட்டம்.

எழுதிப் போட்டதைப் பார்த்ததும் எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழய்யாவின் குரல் கேட்டது. திருக்குறளில் 48-ஆவது அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். பெஞ்சு மேல் நிற்க வைத்து வரிசையாக ஒப்பிக்கச் சொன்னவர் அவர். அப்போது அவை மதிப்பெண்ணுக்கான முப்பது குறள்கள். பரங்கிமலைக் கரும்பலகையில், அதே மூன்றும் ஒரு படைத் தலைவன் வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளாக இருந்தன.

ஆனால் வரிசையை மனப்பாடம் செய்வது எளிது. எங்களைத் திணறடித்தது அந்தக் கார்வால்காரரின் இரண்டு சொற்கள்.

சேண்ட் மாடல் என்று ஒன்று உண்டு. ஒரு பெரிய மணல் தொட்டியில் ஒரு நிலப்பரப்பையே சிறிதாகச் செய்துவிடுவோம். மேட்டுக்கு மணலைக் குவித்து, தோப்புக்குப் பச்சைச் சாயமிட்ட மரத்தூளைத் தூவி, ஆற்றுக்கு நீலக் கோலப்பொடி போடுவோம். ஞாயிற்றுக்கிழமை வெளியே விடும்போது ஆலந்தூரில் கோலப்பொடி வாங்கி வருவது என் பொறுப்பு. எங்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் போட்டதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், ஆறு நெளிகிற இடமெல்லாம் என் விரலிடுக்கிலிருந்துதான் விழும்.

அந்தத் தொட்டியைச் சுற்றி நின்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவன் ஆரம்பிப்பான்: "இடது பக்கம் ஒரு ஆறு ஓடுகிறது, சார்."

"அதனால் என்ன?"

"நாற்பது மீட்டர் அகலம், சார்."

"அதனால் என்ன?"

"இந்த மாதத்தில் இறங்கிக் கடக்க முடியாது, சார்."

"அதனால் என்ன?"

பையனுக்கு வியர்த்துவிடும். நாங்கள் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நாலாவது ஐந்தாவது தடவைதான் விடை வரும். எதிரி அந்தப் பக்கமாகப் பெரும் பலத்தோடு வர முடியாது, ஆகவே அங்கே ஒரு செக்‌ஷன் போதும், மீதி இரண்டை மேட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் கேப்டன் கையிலிருந்த பிரம்பைக் கீழே இறக்குவார். ஆறு ஓடுகிறது என்பது வெறும் தகவல். எத்தனை பேரை எங்கே நிறுத்துவது என்பதுவரை அதை இழுத்துக்கொண்டு வராவிட்டால் அதை எழுதிய மையும் வீண், வாசித்த நேரமும் வீண். நான் பின்னாளில் பார்த்த எத்தனையோ தடித்த அறிக்கைகளில் ஆறுகள் ஓடிக்கொண்டே இருந்தன. அதனால் என்ன என்று கேட்க ஆளில்லை.

ஒரு நாள் இரவுத் தாக்குதல் பற்றிய கணக்கு. பௌர்ணமிக்கு மூன்றாம் நாள். நிலா எப்போது எழும் என்று அட்டவணையை எல்லோரும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எட்டரை மணி வாக்கில், சார்." எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்கள் அப்பத்தா முற்றத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த கணக்கு அது. பௌர்ணமி அன்றைக்குப் பொழுது சாயும்போது நிலா கிளம்பும், அப்புறம் நாளுக்கு ரெண்டு நாழிகை பிந்தும். நாழிகைக்கு 24 நிமிஷம். ரெண்டு நாழிகை 48. அட்டவணையிலும் சராசரியாக ஐம்பது நிமிஷம்தான். கேப்டன் பாராட்டுவார் என்று நினைத்தேன். "அதனால் என்ன?" என்றார். இருட்டி ஒன்றரை மணி நேரம்தான் கும்மிருட்டு இருக்கும், திறந்தவெளியை அதற்குள் கடந்துவிட வேண்டும், ஆகவே கிளம்பும் நேரம் இது என்று நான் சொல்லி முடித்தபிறகுதான் உட்காரச் சொன்னார்.

நேரத்தைப் பற்றி அங்கே கற்ற இன்னொரு பாடத்தை இப்போதும் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் நேரத்தில் தலைவன் தன் யோசனைக்கும் உத்தரவுக்கும் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மீதி இரண்டு பங்கு கீழே இருப்பவர்களுக்கு. அவர்களும் போய் நிலத்தைப் பார்க்க வேண்டும், தங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே ஒத்திகை பார்க்க வேண்டும். மிக அழகான திட்டத்தை முக்கால் நேரம் எடுத்துத் தயார் செய்து, கால் நேரத்தைத் தம்பிகளிடம் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஜவான்களைத் தம்பி என்றுதான் அழைப்போம். இருட்டில் தடவித் தடவிப் போனவர்கள் அந்தத் தம்பிகள்தான்.

டால்க்கில் இருந்த ஊருக்கு வருகிறேன். மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் பக்கத்தில் மௌ என்றொரு கன்டோன்மென்ட். இப்போது அம்பேத்கர் நகர், அந்த மேதை பிறந்த ஊர். காலாட்படைப் பள்ளியும், இன்றைக்கு ஆர்மி வார் காலேஜ் என்று சொல்லப்படும் கல்லூரியும் அங்கேதான். இளம் அதிகாரிகளுக்கு ஜூனியர் கமாண்ட் படிப்பு அங்கே உண்டு. படிப்பின் உயிர் டியூட். படை இல்லாமல், அதிகாரிகள் மட்டும் வரைபடமும் பலகையுமாக நிஜ நிலத்தில் நடந்து போய்ப் போரை யோசிக்கிற பயிற்சி.

மாளவ பீடபூமியில் கால் வைத்த அன்றே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் அப்படியே கிடந்தது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும், அதே மண். சின்ன வயதில் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியோடு அப்பா ஒரு ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டார். சக்கரம் குடத்தோடு இறங்கிவிட்டது. மாட்டை அவிழ்த்து ஓட்டிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். "ஏலே, கரிசல்ல ஈரம் இருக்கிற வரைக்கும் வண்டி கெட்டுனவன் முட்டாப்பய. ரெண்டு வெயில் அடிக்கட்டும்" என்றார். மூன்றாம் நாள்தான் எடுக்க முடிந்தது.

மௌவில் எங்களுக்குக் கொடுத்த சிக்கலில், நம் கம்பெனி ஒரு கிராமத்தைப் பிடித்தாகிவிட்டது, எதிரி டாங்கிகளோடு திருப்பித் தாக்குவான், எந்தப் பக்கமாக வருவான்? பெரும்பாலோர் வடக்கு என்றார்கள். அதுதான் குறுக்கு வழி, மேடு பள்ளம் இல்லாத வெளி. நான் கிழக்கு ரோட்டைச் சொன்னேன். முந்தின இரண்டு நாளும் மழை பெய்திருந்தது. கரிசலில் டாங்கி இறங்கினால் வேகம் போய்விடும், சில இடத்தில் புதைந்தே போகும், கல் பரப்பிய ரோட்டை விட்டு அவன் இறங்க மாட்டான். டி.எஸ். எங்கள் எல்லோரையும் வடக்கு வயலுக்குள் நடக்கச் சொன்னார். இருபது அடி போவதற்குள் ஒவ்வொரு பூட்ஸிலும் ரெண்டு ரெண்டு கிலோ மண். நான் உள்ளுக்குள் அப்பாவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"சரி. அதனால் என்ன?" என்றார்.

டாங்கி எதிர்ப்பு ஆயுதங்களைக் கிழக்கே வைப்பேன் என்றேன். "அதனால் என்ன?" என்றார் மறுபடியும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவரே கையை நீட்டித் தெற்கே காட்டினார். உதவிக்கு வர வேண்டிய நம் டாங்கிகள் எங்கே நின்றன? தெற்கே, அதே கரிசலுக்கு அந்தப் பக்கம். எதிரியின் சக்கரத்தைப் பிடிக்கிற மண் என் சக்கரத்தையும் பிடிக்கும் என்பதை நான் எழுதவில்லை. டால்க்கில் தெற்கிலிருந்து நான் போட்டிருந்த நீல அம்பு கம்பீரமாக வளைந்து வந்தது. அந்த மண்ணில் அது வந்திருக்கவே முடியாது. தம்பி மகளுக்கு அந்த அம்பைக் காட்டினேன். அந்தத் தாளை நான் எறியாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த முறையின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். நோக்கம் எழுதியதும் நம் மனம் ஒரு விடையைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எழுதுவதெல்லாம் அந்த விடைக்குச் சாட்சி சேர்ப்பதாகிவிடுகிறது. அதை உடைக்கத்தான் எதிரியின் வழிகளை நம் வழிகளுக்கு முன்னால் எழுதச் சொல்கிறார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பசியோடும் பயத்தோடும் யோசிக்க வேண்டும். அவன் எதைச் செய்ய வாய்ப்பு அதிகம், எதைச் செய்தால் நமக்கு ஆபத்து அதிகம் என்று இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

வெலிங்டனில் படித்த வருஷம் எனக்கு இதமானது. பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்த ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பகுதி 1947-இல் நீலகிரிக்கு வந்தது. சின்னம் ஆந்தை. மூன்று படைகளின் அதிகாரிகளும் வெளிநாட்டவர்களும் சிண்டிகேட் என்ற சிறு குழுக்களாக உட்கார்ந்து வாதாடுவோம். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் எழுந்து தைல மரங்களை மறைக்கும், உள்ளே 1971 வங்கதேசப் போர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் போரை யோசிக்காமல் அந்த மலையில் யாரும் இருக்க முடியாது. சாம் மானெக்‌ஷா அந்தப் போரில் ராணுவத் தலைமைத் தளபதி, முன்பு அந்தக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர், ஓய்வுக்குப் பின் குன்னூரில்தான் வாழ்ந்தார், 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். குன்னூரில் அவர் வீட்டுக்கு ஸ்டாவ்கா என்று பெயர், ரஷ்யர்கள் தங்கள் தலைமைப் போர்ப் பாசறையை அழைத்த பெயர். 1971 ஏப்ரலில் கிழக்கு வங்கத்துக்குள் உடனே படை நடத்த முடியுமா என்று டெல்லியில் கேட்கப்பட்டபோது தான் மறுத்ததை அவரே பின்னாளில் மேடைகளில் விவரித்தார். அவர் சொன்ன காரணங்களை அப்ரிசியேஷன் எழுதப் பழகியவன் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த இரண்டு சொல் கேட்கும். பருவமழை தொடங்கப் போகிறது. அதனால் என்ன? ஆறுகள் கடலாகும், ரோட்டை விட்டு இறங்க முடியாது, விமானங்களும் உதவ முடியாது. இமயமலைக் கணவாய்கள் திறக்கும் காலம். அதனால் என்ன? சீனா நுழைந்தால் இரண்டு பக்கம் சண்டை, வடக்கே இருக்கும் டிவிஷன்களை எடுக்க முடியாது. வட இந்தியாவில் அறுவடை. அதனால் என்ன? படையை நகர்த்த ரயிலும் ரோடும் கிடைக்காது. குளிர்காலத்தில் இந்த மூன்றும் தலைகீழாகும். டிசம்பர் 3-ஆம் தேதி முழுப்போர் மூண்டது, 16-ஆம் தேதி டாக்காவில் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தானது. சிறைப்பட்டோர் சுமார் 93,000 பேர்.

எங்கள் சிண்டிகேட்டில் அதைவிட நீண்ட வாதம் ஜெனரல் சகத் சிங்கைப் பற்றித்தான். திரிபுரா பக்கமிருந்து போன நான்காவது கோருக்குத் தலைவர் அவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மேகனா ஆறு வரைக்கும்தான். ஆஷுகஞ்ச் ரயில் பாலத்தை எதிரி தகர்த்துவிட்டான். எதிரே கடல் போன்ற ஆறு, அதற்கு அப்பால் டாக்கா. டிசம்பர் 9-ஆம் தேதி, கையில் இருந்த சில எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஆற்றுக்கு மேலாகவே அக்கரையில் இறக்கத் தொடங்கினார். இரவிலும் நிற்கவில்லை. விமானப்படை நண்பர் ஒருவர், இது முறைப்படி வந்த முடிவே அல்ல, நெஞ்சுரம் என்று மேசையைத் தட்டினார். நான் மறுத்தேன், இன்றும் மறுப்பேன். பாலம் இல்லாவிட்டால் என்ன என்ற கேள்வியை முன்பே கேட்டு வைத்திருந்தவனால்தான் பாலம் உடைந்த அன்றே ஆற்றைத் தாண்ட முடியும். ஹெலிகாப்டரில் படையை இறக்குவதை அவர் இரண்டு நாள் முன்பு சில்ஹெட்டில் செய்தும் பார்த்துவிட்டார். எழுதிய உத்தரவில் மேகனாவோடு நின்ற நோக்கம், அவர் மனத்தில் டாக்கா வரை போயிருந்தது. முறை ஆளைக் கட்டிப்போடும் என்கிறவர்கள் அதைப் படிவமாக மட்டுமே பார்த்தவர்கள்.

இப்போது வரிசைகள் பெருகிவிட்டன. அமெரிக்க ராணுவம் ஏழு படிகளாக வைத்திருக்கிறது, பிரிட்டிஷ்காரர்கள் ஏழு கேள்விகளாக. ஜான் பாய்ட் என்ற போர் விமானி பார்ப்பது, புரிந்துகொள்வது, முடிவெடுப்பது, செய்வது என்று ஒரு சுழலாகச் சொல்லி, யார் அதை வேகமாகச் சுற்றுகிறாரோ அவர் கை ஓங்கும் என்றார். தம்பி மகள் இவை எல்லாவற்றையும் செல்போனில் படித்து வைத்திருக்கிறாள். எந்த வரிசையானாலும் சரி, அது ஒருநாள் பத்து நிமிஷத்துக்குள் சுருங்க வேண்டிவரும். அவளுக்கு அதைத்தான் சொன்னேன்.

நான் கம்பெனி கமாண்டராக இருந்தபோது வடக்கே ஓர் ஆற்றங்கரையில் வெள்ள நிவாரணத்துக்குப் போனோம். மோட்டார் பூட்டிய மூன்று படகுகள், அதில் ஒன்றின் மோட்டார் அன்று காலையே நின்றுவிட்டது. பொழுது சாய இரண்டு மணி நேரம். இரண்டு இடத்திலிருந்து அழைப்பு. கிழக்கே ஒரு கிராமம், பள்ளிக்கூட மாடியில் இருநூறு பேருக்கு மேல். அந்த ஊர்ப் பெரியவர்கள் எங்கள் முகாமுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேற்கே ஒரு செங்கல் சூளை. வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த குடும்பங்கள் மண்கரை மேல் ஏறி நின்றன, எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்காகப் பேச எங்கள் முன்னால் ஒருவரும் இல்லை.

பிஸ்கட் பாக்கெட்டின் உட்புறத்தில் நோக்கம் என்று எழுதினேன்: உயிர்களைக் காப்பது. எழுதிப் பார்த்தால் அது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இருநூறு பெரிதா, தெரியாத எண் பெரிதா? சுபேதார் வேலூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் பக்கத்தில் வந்து, "சாப், ஸ்கூலு காங்கிரீட் கட்டடம். தண்ணி அங்க ஏறல. இந்தக் கரை மண்ணு சாப், கரைஞ்சுக்கிட்டே இருக்கு. விடியிற வரைக்கும் நிக்காது" என்றார். நான் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்: விடியும்வரை தாங்காதவர்களை இருட்டுவதற்குள் எடுப்பது. நோக்கம் மாறியதும் முடிவு தானாக வந்துவிட்டது. இரண்டு படகையும் மேற்கே அனுப்பினேன். ஊர்ப் பெரியவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சூளையில் 43 பேர் இருந்தார்கள். கடைசி நடையில் கைக்குழந்தைகள் இருவர். நள்ளிரவுக்கு முன் அந்தக் கரையில் ஒரு நீளமான துண்டு அப்படியே ஆற்றோடு போனது. விடிந்ததும் பள்ளிக்கூட மாடிக்குப் போனோம். எல்லோரும் இருந்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் இரவில் இறந்துபோயிருந்தார். முதல் நாள் மாலையிலிருந்தே மூச்சுத் திணறல் என்றார்கள். அவர் மகன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தான்.

இதைச் சொல்லி நிறுத்தியபோது தம்பி மகள் டால்க்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்: "ஒரு படகு சூளைக்குப் போறப்போ, இன்னொண்ணு முதல் நடையில மருந்து தெரிஞ்ச ஆள் ஒருத்தரை மட்டும் மாடியில விட்டுட்டுப் போயிருக்கலாமே பெரியப்பா? எல்லாரையும் எடுக்கணும்னு இல்லையே."

ஆமாம். எங்கள் கம்பெனியில் நர்சிங் உதவியாளர் ஒருவர் இருந்தார், அன்று முழுக்க முகாமில்தான் இருந்தார். படகுக்கு அரை மணி நேரம் கூடுதலாகியிருக்கும். மீதி நேரத்தில் 43 பேரையும் எடுத்திருக்க முடியும், நடைகளைப் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று முகாமுக்கு வந்த பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கிழக்கு அல்லது மேற்கு என்று இரண்டு வழிதான் எழுதியிருந்தேன். மூன்றாவது வழி எனக்கு மறுநாள் காலை அந்த மாடியில் நிற்கும்போதுதான் தெரிந்தது. அறிக்கையில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பின் எனக்குக் கீழே வேலை செய்த எந்த இளம் அதிகாரி இரண்டு வழியோடு வந்தாலும் மூன்றாவதை எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். காரணத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. இவளிடம்தான் முதலில் சொன்னேன்.

அவளுக்கு ஒரு வேண்டுகோளும் வைத்தேன். எல்லாப் பயிற்சிப் படிப்பிலும் பி.சி.கே. என்று ஒன்று கைமாறும். முந்தின வருஷத்து மாணவர்கள் விட்டுச்செல்லும் விடைகள். சேண்ட் மாடலில் என்ன கேட்பார்கள், என்ன சொன்னால் நல்ல மதிப்பெண் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் தொடாதே என்றேன். மதிப்பெண் குறையட்டும். தப்பான அம்பை நீயே போட்டு, அது ஏன் போகாது என்று நீயே கண்டுபிடி. அந்த மணல் தொட்டியில் எத்தனை தப்புச் செய்தாலும் யாரும் சாக மாட்டார்கள்.

சாயங்காலம் தம்பி வந்து வெள்ளையடிக்கிறவரிடம் மிச்சமிருந்த கறுப்பு பெயிண்டைக் கேட்டு வாங்கிக்கொடுத்தான். பெட்டியின் மூடியில் என் நம்பர், ரேங்க், பெயர் மூன்றின் மேலும் அவளே பூசினாள். இரண்டு பூச்சுக்குப் பின்னும் கர்னலின் மேடு கொஞ்சம் தெரிகிறது. பங்குனியில் போகும்போது அதைத்தான் எடுத்துப் போகிறாள். பென்சில் இரண்டும் உள்ளே இருக்கின்றன. டால்க்கும் இருக்கிறது, தெற்கிலிருந்து வளைந்து வரும் அந்த நீல அம்போடு.